கொழும்பிலிருந்து சனிக்கோளைப் பார்க்க எந்தத் தொலைகாட்டி?

சனிக்கோளையும் அதன் வளையங்களையும் துணைக்கோள்களையும் சொந்தக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தொலைகாட்டி வாங்கப் புறப்படுகிறவர்களின் கையில் முதலில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழ்கிறவர்களுக்காக எழுதப்பட்டவை. அங்கே சனி பல ஆண்டுகளாகத் தென்திசையில் தாழ்வாகவே நகர்ந்து செல்லும். குளிர் இரவில் கருவி ஆறும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டோடு ஒரு தோட்டம் இருக்கும். கொழும்பு வட அகலக்கோடு 7 பாகைக்குச் சற்றுக் கீழே, கடலை ஒட்டி, ஈரக்காற்றின் நடுவே, தொடர்மாடிகள் நிறைந்து கிடக்கிறது. ஆகவே அந்த வழிகாட்டிகள் தரும் தரவரிசையை அப்படியே ஏற்காமல், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடியில் குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்கும், நகரத்துப் பாடசாலை ஒன்றின் வானியல் கழகத்துக்கும் எது உண்மையில் பொருந்தும் என்பதை இங்கே ஒப்பிடுகிறேன். விலைகளைக் குறிப்பிடப் போவதில்லை. டொலரின் பெறுமதியோடும் இறக்குமதி வரியோடும் அவை மாறிக்கொண்டே இருக்கின்றன.

எதைப் பார்க்க விரும்புகிறோம் என்பது தெளிவானால்தான் எதை வாங்குவது என்பது தெளிவாகும். சனியின் நடுக்கோட்டு விட்டம் ஏறத்தாழ 120,500 கிலோமீற்றர். பிரதான வளையங்களை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அளந்தால் ஏறத்தாழ 270,000 கிலோமீற்றர். ஆனால் பூமிக்கு மிக அருகில் வரும்போதும் அது ஏறத்தாழ 120 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பதால், அவ்வளவு பெரிய வளையம் வானத்தில் முழுநிலவின் அகலத்தில் நாற்பதில் ஒரு பங்கே இருக்கும். அதாவது, 40 மடங்கு பெரிதாக்கும் ஒரு கருவியில் சனியின் வளையம், வெறுங்கண்ணுக்குத் தெரியும் நிலவின் அகலத்துக்குத் தெரியும். வளையத்தைப் பார்ப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை என்பது இதிலிருந்து விளங்கும். வளையத்துக்குள் இருக்கும் இடைவெளியையும் துணைக்கோள்களையும் பார்ப்பதற்குத்தான் கருவியின் வில்லை அல்லது ஆடியின் விட்டம் பெரிதாக இருக்க வேண்டும்.

வளையத்தின் சாய்வும் கணக்கில் வர வேண்டும். சனியின் அச்சு ஏறத்தாழ 27 பாகை சாய்ந்திருப்பதாலும், அது சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29.5 ஆண்டுகள் எடுப்பதாலும், வளையம் நமக்குச் சில ஆண்டுகள் நன்கு விரிந்தும், இடையில் ஒருமுறை விளிம்பு மட்டும் தெரியும்படியும் தோன்றும். பல இடங்களில் பத்து மீற்றர் அளவே தடிப்புள்ள பனித்துண்டுகளின் தளம் அது. விளிம்புப் பக்கமாகத் திரும்பினால் கண்ணுக்கு எட்டாது. 1610இல் சனியின் இருபுறமும் எதையோ கண்ட கலிலியோ, 1612இல் அவை இல்லாமற்போனதைப் பார்த்துக் குழம்பியது இதனால்தான். நம் காலத்தில் 2025 மார்ச் 23ஆம் திகதி அத்தகைய விளிம்பு நிலை கடந்துசென்றது. இனி வளையம் ஆண்டுக்காண்டு விரிந்து, 2032ஆம் ஆண்டளவில் உச்ச விரிவை அடையும். ஆகவே இப்போது வாங்கப்படும் கருவி, தொடர்ந்து பல ஆண்டுகள் மேலும் மேலும் நல்ல காட்சியையே தரும். இந்த ஆண்டே பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் கிடைத்ததை வாங்க வேண்டிய தேவை இல்லை.

துணைக்கோள்களின் எண்ணிக்கை, 2025 மார்ச்சில் 128 புதியவை ஏற்கப்பட்டதோடு 274 ஆக உயர்ந்தது. அவற்றில் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டக்கூடியவை ஆறு, மிஞ்சினால் ஏழு. வானியலார் பயன்படுத்தும் ஒளித்தர எண்ணில் எண் குறையக் குறைய ஒளி கூடும். எண் ஒன்று கூடினால் ஒளி ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறையும். 1655இல் ஹைகன்ஸ் கண்டுபிடித்த டைட்டன் 8.4 அளவிலும், ரியா 9.7 அளவிலும், டெத்திஸும் டயோனும் 10.3 அளவிலும், 1789இல் ஹேர்ஷல் கண்ட என்செலடஸ் 11.8 அளவிலும், அதே ஆண்டில் அவரே கண்ட மைமாஸ் 12.9 அளவிலும் இருக்கின்றன. மைமாஸ் வளையத்தின் வெளிச்சத்தோடு ஒட்டியே சுற்றுவதால் கொழும்பிலிருந்து அதைப் பார்ப்பதை மறந்துவிடலாம். எஞ்சியது ஐயாப்பெட்டஸ். அது தன் சுற்றுப்பாதையில் சனிக்கு மேற்கே இருக்கும்போது 10.2 அளவிலும், கிழக்கே இருக்கும்போது 11.9 அளவிலும் தெரியும். ஏறத்தாழ ஐந்து மடங்கு வேறுபாடு. 1671இல் அதைக் கண்டுபிடித்த காசினி, மேற்குப் பக்கத்தில் மட்டுமே அதைக் காண முடிந்ததால், அதன் ஒரு முகம் கருமையானது என்று ஊகித்தார். மேலும் திறமான கருவி கிடைத்தபின் 1705இல்தான் கிழக்குப் பக்கத்தில் அவரால் அதைப் பிடிக்க முடிந்தது. ஒரு நல்ல சிறு கருவி இருந்தால் இதே சோதனையை நாமும் செய்யலாம் என்பதால், தொலைகாட்டியைத் தெரிவுசெய்யும்போது டைட்டனைவிட ஐயாப்பெட்டஸையே நான் அளவுகோலாக வைப்பேன்.

இருவிழிக் கருவியைப் பற்றி நீளமாக எழுதுவதற்கு ஒன்றுமில்லை. 10 மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீற்றர் வில்லையுள்ள 10×50 கருவியில் சனி சற்று நீண்ட ஒரு புள்ளியாகத் தெரியலாம். முக்காலியில் அசையாமல் பொருத்தினால் டைட்டனும் தெரியலாம். வளையம் வளையமாகத் தெரியாது. கைப்பேசியால் இயக்கப்படும் சிறிய ‘ஸ்மார்ட்' தொலைகாட்டிகளைப் பற்றி அண்மைக் காலத்தில் பலரும் கேட்கிறார்கள். நெபுலாக்களையும் விண்மீன் கூட்டங்களையும் நீண்ட நேரம் படம்பிடிப்பதற்கு அவை சிறந்தவை. ஆனால் அவற்றின் குவியத்தூரம் (வில்லையிலிருந்து ஒளி குவியும் இடம்வரையான தூரம்) குறைவு என்பதால் திரையில் சனி ஒரு கடுகளவுக்கே வரும். இவ்விரண்டையும் ஒதுக்கிவிடலாம்.

அடுத்தது, கடைகளில் எளிதில் கிடைக்கும் 70 மில்லிமீற்றர் முறிவுத் தொலைகாட்டி, அதாவது வில்லையால் ஒளியைக் குவிப்பது. பெட்டியில் 500 மடங்குக்கு மேல் பெரிதாக்கும் என்று அச்சிட்டிருந்தால் அதைக் கவனிக்க வேண்டாம். ஒரு மில்லிமீற்றர் விட்டத்துக்கு இரண்டு மடங்கு என்பதே பயன்தரும் உச்சவரம்பு, அதாவது இங்கே 140 மடங்கு. 700 மில்லிமீற்றர் குவியத்தூரத்தை 10 மில்லிமீற்றர் பார்வைத்துண்டால் (கண் வைத்துப் பார்க்கும் சிறு வில்லைக் குழல்) வகுத்தால் வரும் 70 மடங்கில் வளையம் கோளிலிருந்து பிரிந்து தெளிவாகத் தெரியும். டைட்டன் தயக்கமின்றித் தெரியும். அது ஏறத்தாழ 16 நாட்களில் சனியைச் சுற்றுவதால், தொடர்ந்து சில மாலைகளில் அதன் இடத்தைக் கொப்பியில் வரைந்துவரும் ஒரு பிள்ளைக்கு ஒரு துணைக்கோளின் சுற்றுப்பாதை தன் கையாலேயே பிடிபடும். ரியா முயற்சி செய்தால் தெரியும். அதற்கு மேல் இந்தக் கருவியிடம் எதிர்பார்க்கக் கூடாது. இதன் உண்மையான குறை வில்லையில் இல்லை, காலில் இருக்கிறது. கூடவே வரும் மெல்லிய அலுமினிய முக்காலி, குவியப்படுத்தும் திருகைத் தொட்டதுமே நடுங்கும். சனி உச்சிக்கு அருகில் வரும்போது குழாயின் பின்முனை முக்காலியின் காலில் முட்டும். பார்ப்பவர் தரையோடு குந்த வேண்டியிருக்கும்.

உச்சியைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் கொழும்பின் பெரிய வரமும் பெரிய தொல்லையும் அதுதான். சனி இப்போது வான நடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலாக வானத்தில் செல்லும் கோடு) தாண்டி வடக்கு நோக்கி ஏறிவருவதால், அடுத்த சில ஆண்டுகளுக்கு அது கொழும்புக்கு ஏறத்தாழ நேர் மேலாகவே கடக்கும். அடிவானத்தை ஒட்டிய தடித்த, கலங்கிய காற்றினூடாக அல்லாமல் மிகக் குறைந்த காற்றினூடாகப் பார்ப்பதால், இலண்டனிலோ ரொறொன்ரோவிலோ உள்ள நம் உறவினர் அதே கருவியில் காண்பதைவிட நாம் காணும் வளையம் கூர்மையாக இருக்கும். சனியும் பூமியும் சூரியனுக்கு ஒரே பக்கத்தில் நேர்கோட்டில் வரும் ‘எதிர்நிலை' நாள் 2026இல் ஒக்டோபர் 4. அன்று மாலை ஆறு மணியளவில் கிழக்கே உதிக்கும் சனி, மணிக்குப் பதினைந்து பாகை வீதம் ஏறி, ஒன்பது மணிக்கு வானத்தின் பாதி உயரத்தில் நிற்கும். நள்ளிரவில் தலைக்கு மேல் வரும். டிசெம்பர் தொடக்கத்திலோ இரவு எட்டு மணிக்கே தலைக்கு மேல் நிற்கும். இந்த உயரத்தில் எந்தத் தாங்கி தடுமாறாது என்பதே தெரிவின் பாதி.

இதில் முதலாவதாக அடிபட்டுப் போவது, வெளிநாட்டு வழிகாட்டிகள் தொடக்கக்காரருக்குப் பெரிதும் பரிந்துரைக்கும், ஈக்குவட்டோரியல் தாங்கியில் பொருத்திய 114 அல்லது 130 மில்லிமீற்றர் நியூட்டோனியன் தெறிப்புத் தொலைகாட்டி, அதாவது ஆடியால் ஒளியைக் குவிப்பது. அந்தத் தாங்கியின் ஓர் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்துவிட்டால், ஒரே ஒரு திருகைத் திருப்பிக் கோளைப் பின்தொடரலாம் என்பதே அதன் சிறப்பு. கொழும்பில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 7 பாகை உயரத்தில்தான் இருக்கும். பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் அது எப்போதும் மறைந்தே கிடக்கும். அதைத் திசையறி கருவியால் ஈடுசெய்யலாம் என்று வைத்துக்கொண்டாலும், அச்சை ஏறத்தாழக் கிடையாகச் சரிக்கும்போது பல மலிவான தாங்கிகளில் எதிர்நிறையின் தண்டு முக்காலியின் முன்காலில் போய் முட்டும். மேலும் பாரம் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்வதால் கருவி கவிழவும் பார்க்கும். 130 மில்லிமீற்றர் ஆடி நல்லதுதான். அந்தக் காலில் அது வேண்டாம்.

எஞ்சுவது இரண்டு. ஒன்று 127 மில்லிமீற்றர் மக்சுதோவ், மற்றையது 150 மில்லிமீற்றர் டொப்சோனியன்.

டொப்சோனியன் என்பது நியூட்டோனியன் குழாயைச் சுழலும் ஒரு மரப்பெட்டியில் வைத்ததுதான். செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் மிகப் பெரிய ஆடியைத் தருவது இதுவே. 150 மில்லிமீற்றரில் ரியா, டெத்திஸ், டயோன் மூன்றும் சனியை ஒட்டி நுண்ணிய புள்ளிகளாகத் தெரியும். மேற்கே நிற்கும் ஐயாப்பெட்டஸ் ஐயமில்லாமல் கிடைக்கும். என்செலடஸ் மிக நல்ல இரவில், அது வளையத்திலிருந்து எட்ட நிற்கும் வேளையில், கண்ணை ஏமாற்றியபடி வந்துபோகலாம். வளையம் மேலும் விரிந்தபின், ஏறத்தாழ 4,800 கிலோமீற்றர் அகலமான காசினி இடைவெளி வளையத்தின் இரு முனைகளிலும் கருங்கோடாகத் தெரியும். 1200 மில்லிமீற்றர் நீளக் குழாயின் மேல்முனையில் பார்வைத்துண்டு இருப்பதால், சனி உச்சிக்கு வரும்போது குந்த வேண்டியதில்லை. பிள்ளைகள் நின்றபடியே பார்க்கலாம். ஆனால் நேர் உச்சிக்கு வரும்போது இடவலமாகத் திருப்புவது பிடிவாதம் பிடிக்கும். அத்தகைய வேளையில் ஒரு மணித்தியாலம் பொறுத்தால் சனி பதினைந்து பாகை இறங்கிவிடும், தொல்லை தீரும். இதைவிடப் பெரிய சிக்கல், 15 கிலோகிராமுக்கு மேற்பட்ட அந்தப் பொதியை எங்கே வைத்துப் பார்ப்பது என்பது. மொட்டைமாடிக்குச் செல்ல அனுமதியும், அதுவரை ஏறும் மின்தூக்கியும் உள்ள கட்டடம் என்றால் கேள்வியே இல்லை. இல்லையென்றால் அது பலகணியின் மூலையில் துணி காயப்போடும் கம்பியாக முடியும்.

மக்சுதோவ், ஆடியையும் வில்லையையும் சேர்த்து ஒளியை மடித்து அனுப்பும் குட்டைக் குழாய். ஏறத்தாழ 1500 மில்லிமீற்றர் குவியத்தூரம், ஒரு முழங்கை நீளத்துக்கும் குறைந்த உடலில் அடங்கிவிடும். குழாயின் எடை மூன்றரைக் கிலோகிராம் அளவே. 10 மில்லிமீற்றர் பார்வைத்துண்டே 150 மடங்கு தந்துவிடும் என்பதால் சனிக்கு வேறு எதுவும் தேடி ஓட வேண்டியதில்லை. பின்முனையில் உள்ள மூலைக் கண்ணாடி வழியே பார்ப்பதால் சனி தலைக்கு மேல் நின்றாலும் கதிரையில் இருந்தபடியே பார்க்கலாம். குட்டைக் குழாய் முக்காலியின் காலிலும் முட்டாது. விட்டம் 150ஐவிடச் சிறியது என்பதால் டெத்திஸும் டயோனும் கொஞ்சம் மங்கும். என்செலடஸைக் கைவிட வேண்டும். டைட்டன், ரியா, மேற்கு ஐயாப்பெட்டஸ் ஆகியவற்றுக்குக் குறைவில்லை. வெளிநாட்டு வழிகாட்டிகள் இதற்குச் சொல்லும் முதன்மையான குறை, வீட்டுச் சூட்டிலிருந்து வெளிக்குளிருக்குக் கொண்டுவந்தால் ஆறுவதற்கு நெடுநேரம் எடுக்கும் என்பது. கொழும்பில் வீட்டுக்குள்ளும் வெளியிலும் இரவு வெப்பநிலை பெரிதாக வேறுபடுவதில்லை என்பதால் அந்தக் குறை இங்கே பெரும்பாலும் இல்லை. இங்கே நேர்வது அதற்கு நேர்மாறானது: குளிரூட்டிய அறையில் வைத்திருந்த கருவியை வெளியே எடுத்த சில நொடிகளில் முன்வில்லை முழுவதும் பனிபடர்ந்து வெளுத்துவிடும், துடைத்தாலும் மீண்டும் படரும். குளிரூட்டி இல்லாத அறையில் வைப்பதே வழி.

உப்பும் ஈரமும் இரண்டு கருவிகளையும் வெவ்வேறு விதமாகத் தாக்கும். மரைன் டிரைவ் பக்கத்துக் காற்றில் திறந்த குழாய் உள்ள டொப்சோனியனின் ஆடிப் பூச்சு காலப்போக்கில் மங்கும். ஆனால் ஆடியைக் கழற்றிக் கழுவவும், தேவையானால் மீண்டும் பூச்சிடவும் முடியும். மக்சுதோவ் மூடிய குழாய், உப்பு எளிதில் புகாது. ஆனால் உள்ளே ஒருமுறை பூஞ்சணம் பிடித்துவிட்டால் வீட்டில் கழற்றிச் சுத்தம் செய்ய முடியாது. பார்த்து முடித்ததும் ஈரம் உலரும்வரை மூடியிடாமல் வைத்து, பிறகு சிலிக்கா ஜெல் பொதிகளோடு காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் இட்டு மூடுவது இரண்டுக்கும் பொதுவான விதி. 127 மில்லிமீற்றர் குழாய்க்கு அப்படி ஒரு பெட்டி கடையில் கிடைக்கும், 150 மில்லிமீற்றர் டொப்சோனியனுக்குக் கிடைக்காது.

பலகணி எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் தீர்ப்பை மாற்றும். கிழக்குப் பலகணிக்குச் செப்ரெம்பரிலும் ஒக்டோபரிலும் முன்னிரவில் ஏறிவரும் சனி கிடைக்கும். ஆனால் அது இடைப்பருவ மழையும் இடிமுழக்கமும் தொடங்கும் காலம், பல மாலைகள் முகிலோடு போகும். மேற்குப் பலகணிக்கு, குறிப்பாகக் கடலைப் பார்த்த வீடுகளுக்கு, ஜனவரியிலும் பெப்ரவரியிலும் மாலையில் இறங்கிவரும் சனி கிடைக்கும்; கொழும்பில் வானம் பெரும்பாலும் வெளித்திருப்பதும் அப்போதுதான். எதிர்நிலை ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டு வாரம் பிந்திக்கொண்டே போய் 2032இல் டிசெம்பர் பிற்பகுதிக்கு வந்துவிடும் என்பதால், வளையம் முழுதாக விரியும் ஆண்டுகளில் சனி மாலை வானில் நிற்கும் காலமும் நம் வறண்ட மாதங்களோடு பொருந்திவரும். ஆக, மேற்கு நோக்கிய பலகணிக்குக் குட்டையான மக்சுதோவே கச்சிதம். பலகணிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்க்க டொப்சோனியனுக்கு ஒரு மேசை வேண்டியிருக்கும். எந்தக் கருவியானாலும் கீழ்வீட்டு ஏசி இயந்திரத்தின் வெப்பக்காற்று பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே எழுந்தால் வளையம் நீரடியில் கிடப்பதுபோல் நெளியும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நகர வெளிச்சம் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படத் தேவையில்லை. காலி வீதியின் விளக்குகளுக்கு நடுவிலும் சனி வெறுங்கண்ணுக்குத் தெரியும். பாதிக்கப்படுவது மங்கலான துணைக்கோள்கள் மட்டுமே. கோளைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. சனிப்பெயர்ச்சிப் பலன்களைப் படிக்கும் வீட்டில் அது இப்போது மீனத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். வானத்து மீனத்திலும் பிரகாசமான நட்சத்திரம் எதுவும் இல்லாததால், அந்தப் பக்கம் மின்னாமல் மஞ்சளாக நிற்கும் ஒன்றே சனி. ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு தங்கும் கோள் என்பதால் இடம் மாறிவிடுமோ என்ற கவலையும் இல்லை.

மேற்கு எது, கிழக்கு எது என்று அறிய ஒரு சிறு வழி உண்டு. மக்சுதோவின் மூலைக் கண்ணாடி இடவலத்தை மாற்றிக் காட்டுவதால் இது அவசியமும்கூட. கருவியை அசைக்காமல் விட்டால், சனி பார்வைப் புலத்தின் எந்த விளிம்பை நோக்கி நகர்ந்து மறைகிறதோ அதுவே மேற்கு. ஐயாப்பெட்டஸ் ஏறத்தாழ 79 நாட்களுக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தின் உச்சத்துக்கு வரும். சனியிலிருந்து வளைய அகலத்தின் பன்னிரண்டு, பதின்மூன்று மடங்கு தொலைவில் நிற்கும் என்பதால், அதைத் தேடும்போது 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டுக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

பாடசாலைக்கு வரும்போது என் பரிந்துரை வேறு. அங்கே தூக்குவதற்குக் கைகள் உண்டு, வைப்பதற்குத் தரைத்தளத்தில் அறை உண்டு, பார்ப்பதற்கு மைதானம் உண்டு. ஆகவே 200 மில்லிமீற்றர் டொப்சோனியனையே வாங்கலாம். 25 கிலோகிராம் அளவான அதன் எடை அங்கே பொருட்டல்ல. 2005இல் காசினி விண்கலம் தென்துருவத்திலிருந்து நீர்ப்பனி பீறிட்டெழுவதைக் கண்டறிந்த என்செலடஸை மாணவருக்கு ஒரு புள்ளியாகவேனும் நம்பிக்கையோடு காட்டக்கூடிய மிகச் சிறிய கருவி, கொழும்பு வானத்தில், இதுதான். ஒரு குறை: 150 மடங்கில் சாதாரணப் பார்வைத்துண்டு காட்டும் புலத்தைச் சனி ஏறத்தாழ 80 செக்கன்களில் கடந்துவிடும். நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆசிரியர் கருவியைத் திருத்திக் கொடுக்க வேண்டியிருக்கும். மூத்த மாணவர் ஒருவரை அருகில் நிறுத்தினால் போதும். அந்தத் தொகையைச் செலவிட முன், மொறட்டுவை கட்டுபெத்தையில் உள்ள ஆர்தர் சி. கிளார்க் நிறுவகத்தின் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டியினூடாகச் சனியைப் பார்க்க வாய்ப்புக் கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. கொழும்பு 7இல் 1965இல் தொடங்கப்பட்ட கோள்மண்டலம் என்ற வான்காட்சியகம், வான அசைவுகளை விளக்குவதற்குச் சிறந்தது. தொலைகாட்டிக்கு அது மாற்று ஆகாது.

வீட்டுக்கு, மொட்டைமாடி கைக்கெட்டினால் 150 மில்லிமீற்றர் டொப்சோனியன். மற்ற எல்லோருக்கும் 127 மில்லிமீற்றர் மக்சுதோவ், அதுவும் மெதுவாகத் திருப்பும் திருகுகள் உள்ள உறுதியான மேல்கீழ்–இடவலத் தாங்கியோடு. பணம் போதாவிட்டால் விட்டத்தைக் குறைத்து 90 மில்லிமீற்றர் மக்சுதோவுக்கு இறங்கலாம், தாங்கியில் கைவைக்கக் கூடாது. கடையில் பெட்டியைத் திறந்ததும் குழாயை நேர் மேலே நிமிர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் எதிலும் முட்டாமல், தட்டினால் ஓரிரு செக்கன்களில் அதிர்வு அடங்கினால் வாங்கலாம்.